நான்கு கம்பிகளும் ஒரு குப்பைக் கால்வாயும்

எங்க ஊர் கடலிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால், கிணறு வற்றிப் போய் போர் போடலாம் என்று அப்பா முடிவு செய்தபோது, பாயிண்ட் பார்க்க ஒருவரைக் கூட்டி வந்தார்கள். தேங்காயை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பவர் இல்லை. பெட்டி, ஒயர், நாலு இரும்புக் கம்பி, சுத்தியல் சகிதம் வந்த "சயின்டிஃபிக்" ஆள். கம்பிகளை ஒரே வரிசையில் அடித்து, பெட்டியைத் திருகி, நோட்டில் எண்களைக் குறித்துக்கொண்டார். கம்பிகளைப் பிடுங்கி இன்னும் தள்ளி அடித்தார். திரும்பவும் எண்கள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது.

"நல்ல ரீடிங் சார். ஓம் ரொம்ப கம்மியா வருது. கீழ ஈரம் நல்லா இருக்கு."

சொன்ன இடத்தில் போர் போட்டோம். தண்ணீர் வந்தது. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே துப்பினார். உப்பு.

அந்த மனிதரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவருடைய பெட்டி பொய் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். கீழே மின்சாரம் எளிதாக ஓடுகிறது என்று அது சொன்னது, அது உண்மை. ஏன் ஓடுகிறது என்று அது சொல்லவில்லை. "ஈரம் இருக்கு" என்பது அவர் சேர்த்துக்கொண்டது. எங்களை ஏமாற்றிய அதே உப்பைத்தான் வேறு சிலர் வேறு ஊரில் தேடி அலைந்திருக்கிறார்கள், அதே நாலு கம்பியோடு, குப்பை மேடுகளின் ஓரத்தில். இதைப் பின்னாளில் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்தக் குறிப்பு அந்தக் கதையைப் பற்றியது.

கம்பிகள் வந்த வழி

கான்ராட் ஷ்லம்பர்ஜே பாரிஸில் சுரங்கப் பொறியியல் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். பூமிக்குள் மின்சாரத்தைச் செலுத்தி, அது பரவும் விதத்தை வைத்து உள்ளே இருக்கும் தாதுவைக் கண்டுபிடிக்கலாம் என்று அவர் நினைத்தார். முதலில் மணல் நிரப்பிய ஒரு தொட்டியில் சோதித்துப் பார்த்தார். பிறகு 1912-இல், நார்மண்டியில் அவர்கள் குடும்பத்துக்குச் சொந்தமான வால்-ரிஷே பண்ணையின் தரையில் மின்சாரம் செலுத்தி, சம மின்னழுத்தக் கோடுகளைக் காகிதத்தில் வரைந்தார். தோண்டாமலே தரைக்குள் இருப்பதை மின்சாரத்தால் வரைபடமாக்கும் வேலை அங்கேதான் சூடுபிடித்தது. 1926-இல் அவரும் தம்பி மார்செலும் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் எண்ணெய்க் கிணறுகள் இருக்கும் இடமெல்லாம் ஷ்லம்பர்ஜர் என்ற பெயரில் பரவியது.

அதே காலத்தில் அமெரிக்காவில், தேசியத் தர அளவை நிலையத்தில் வேலை பார்த்த ஃபிராங்க் வென்னர், 1915-இல் நாலு கம்பிகளைச் சம இடைவெளியில் அடிக்கும் முறையை எழுதி வைத்தார். வெளிப்பக்கக் கம்பிகள் இரண்டும் மின்சாரத்தைத் தரைக்குள் அனுப்பும். உள்பக்கக் கம்பிகள் இரண்டும் மின்னழுத்தத்தை அளக்கும். கம்பிகளின் இடைவெளியை அகலமாக்கினால் மின்சாரம் இன்னும் ஆழத்துக்குப் போய்வரும். எங்க வீட்டுக்கு வந்தவர் கம்பிகளைப் பிடுங்கிப் பிடுங்கித் தள்ளி அடித்ததன் காரணம் இதுதான்.

கிடைக்கிற எண்ணுக்கு மின்தடைத் திறன் என்று பெயர். ரெசிஸ்டிவிட்டி என்றால் எல்லோருக்கும் புரியும். அலகு ஓம்-மீட்டர். ஈரமில்லாத கெட்டிப் பாறைக்கு ஆயிரக்கணக்கில் வரும். நல்ல தண்ணீர் நிரம்பிய மணலுக்குப் பத்துகளிலோ நூறுகளிலோ வரும். களிமண் ஒன்றிலிருந்து நூறு வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கும். கடல்நீருக்கு ஏறக்குறைய 0.2 தான். இந்த வரிசையைப் பார்த்தாலே சிக்கல் தெரிந்துவிடும். ஒரே எண்ணுக்குள் பல பொருள்கள் ஒளிந்திருக்கலாம். களிமண்ணும் உப்புத் தண்ணீரும் பெட்டிக்கு ஏறத்தாழ ஒரே முகம்.

உப்பைத் தேடிப் போனவர்கள்

ஐம்பது வருஷத்துக்கும் மேலாக இந்த முறை தாது, எண்ணெய், தண்ணீர் என்று நல்ல பொருள்களைத் தேடவே பயன்பட்டது. கெட்ட பொருளைத் தேடலாம் என்ற யோசனை பரவலானது பிறகுதான்.

குப்பை மேட்டில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர் அழுகின குப்பையின் ஊடாக இறங்கும்போது அதிலுள்ள குளோரைடு, அம்மோனியா, சோடியம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு கறுப்பாக வெளியே வரும். லீச்சேட் என்பார்கள், கசிவுநீர் என்று வைத்துக்கொள்வோம். நல்ல குடிநீரைப் போலப் பத்து மடங்கு, சில நேரம் அதற்கும் மேலே மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. அதாவது, மின்சாரத்தின் கணக்கில் அது ஒரு சின்னக் கடல்.

1968-இல் கீரோஸ் கார்ட்ரைட், மரே மெக்கோமாஸ் என்ற இரு நிலவியலாளர்கள், வடகிழக்கு இல்லினாய் மாநிலத்தில் குப்பை நிரப்பிய நிலங்களைச் சுற்றி ரெசிஸ்டிவிட்டியும் மண்ணின் வெப்பநிலையும் அளந்து கட்டுரை எழுதினார்கள். குப்பை அழுகும்போது சூடாகும். அதிலிருந்து கசிகிற நீர் உப்பாக இருக்கும். இந்த இரண்டையும் வைத்துக் கசிவு எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். பத்து இடத்தில் கிணறு தோண்டிச் சோதிக்கும் செலவில், நூறு இடத்தில் கம்பி அடித்துப் பார்த்துவிடலாம். குப்பை மேட்டில் கண்ட இடத்தில் துளை போடுவதற்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கீழே இருக்கும் களிமண் தடுப்பைத் துளைத்துவிட்டால், கசிவுக்கு நாமே வழி வெட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால்தான் தொடாமல் பார்க்கிற முறைகளுக்கு இந்தத் துறையில் இவ்வளவு மதிப்பு.

எழுபதுகளில் வேறு கருவிகளும் சேர்ந்துகொண்டன. டொராண்டோவின் ஜியோனிக்ஸ் நிறுவனம் செய்த ஈ.எம்.31, ஒரு நீளமான குழாய். தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால் போதும், கம்பியே வேண்டாம். காந்தப் புலத்தின் வழியாக மண்ணின் கடத்துதிறனைச் சொல்லிவிடும். இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவதற்காக வளர்ந்த மேக்னடோமீட்டர், புதைத்த இரும்பு டிரம்களைத் தேடும் வேலைக்கு வந்தது. 1929-இல் ஆஸ்திரியாவில் பனியாறு ஒன்றின் தடிமனை அளக்கப் பயன்பட்ட ரேடியோ அலை முறை, தரையூடுருவும் ரேடாராக வளர்ந்தது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கண். ஒவ்வொன்றுக்கும் ஒரு குருட்டுப் புள்ளி. மேக்னடோமீட்டருக்கு இரும்பு மட்டும்தான் தெரியும். பிளாஸ்டிக்கோ அட்டை டிரம்மோ அதற்குத் தெரியாது. ஈரக் களிமண்ணில் ரேடார் அலை சில அடிக்குள் செத்துவிடும். ஈ.எம். கருவிக்கு வேலியும் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் எதிரிகள். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: இவற்றில் எந்தக் கருவியும் விஷத்தைப் பார்ப்பதில்லை. உப்பையும் இரும்பையும் மண்ணின் மாற்றத்தையும் பார்க்கிறது. விஷம் அவற்றோடு சேர்ந்து பயணம் செய்தால் பிடிபடும்.

சேர்ந்து பயணம் செய்யாவிட்டால்?

லவ் கால்வாய்

நயாகரா நீர்வீழ்ச்சி நகரத்தின் லவ் கெனால் கதையைச் சுற்றுச்சூழல் படித்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வில்லியம் லவ் என்பவர் 1890-களில், நயாகரா ஆற்றின் மேல்பகுதியையும் கீழ்பகுதியையும் இணைத்து மின்சாரம் எடுக்க ஒரு கால்வாய் வெட்ட ஆரம்பித்தார். பணம் தீர்ந்தது, திட்டம் நின்றது, சுமார் 3,000 அடி நீளப் பள்ளம் மட்டும் மிஞ்சியது. பிள்ளைகள் அதில் நீச்சலடித்தார்கள். 1942 முதல் ஹுக்கர் கெமிக்கல் நிறுவனம் அதில் தன் கழிவுகளைக் கொட்டியது. 1953 வரை ஏறக்குறைய 21,800 டன். அதில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம் பி.எச்.சி. சார்ந்த கழிவு. நம்ம ஊர்ல வயலுக்குத் தூவின அதே பி.எச்.சி. பவுடர் குடும்பம்தான். மீதி குளோரோபென்சீன்களும், டயாக்சின் கலந்த டிரைகுளோரோஃபீனால் கழிவும், இன்னும் பலதும்.

1953-இல் மேலே மண்ணை மூடி, நகரப் பள்ளி வாரியத்துக்கு ஒரு டாலருக்கு விற்றார்கள். கீழே ரசாயனக் கழிவு இருக்கிறது, பின்னால் யாருக்கு என்ன ஆனாலும் நிறுவனம் பொறுப்பில்லை என்று பத்திரத்தில் எழுதியும் இருந்தது. பள்ளிக்கூடம் எழும்பியது. இரண்டு பக்கமும் வீடுகள் வந்தன.

அந்த நிலத்தின் அமைப்பைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மேலே சில அடி வண்டலும் மணலும். அதில் தண்ணீர் போகும். அதற்குக் கீழே கெட்டிக் களிமண், தண்ணீர் போகாது. களிமண்ணில் வெட்டிய பள்ளம் ஒரு குளியல் தொட்டி மாதிரி. மூடியிருந்த மண் கலைந்த பிறகு மழையும் பனியும் உள்ளே இறங்கித் தொட்டி நிரம்பியது. நிரம்பினால் மேலே உள்ள வண்டல் அடுக்கு வழியாகப் பக்கவாட்டில் வழியும். போதாததற்கு, சாக்கடைக் குழாய் பதிக்கத் தொட்டியின் சுவரையே வெட்டியிருந்தார்கள். எழுபதுகளின் நடுவில் கடும் பனி பெய்த குளிர்காலங்களுக்குப் பிறகு, வீடுகளின் நிலவறைச் சுவரில் எண்ணெய் மாதிரி திரவம் கசிந்தது.

1978 ஆகஸ்ட் 2-ஆம் தேதி நியூயார்க் மாநிலம் அவசர நிலை அறிவித்தது. ஐந்து நாளில் குடியரசுத் தலைவர் கார்ட்டரும் அறிவித்தார். கால்வாயை ஒட்டிய இரண்டு வரிசை வீடுகளிலிருந்து 239 குடும்பங்கள் வெளியேறின. அந்த வீடுகளைச் சுற்றி வேலி போட்டார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆபத்தில்லை என்றார்கள்.

லோயிஸ் கிப்ஸின் வீடு 101-ஆம் தெருவில், வேலிக்கு இந்தப் பக்கம். இல்லத்தரசி, மகன் அந்தப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான், அவனுக்கு வலிப்பு. அக்கம்பக்கத்தில் யார் யாருக்கு என்ன நோய், எந்த வீட்டில் கருச்சிதைவு, எந்த வீட்டில் குறையோடு பிறந்த குழந்தை என்று வீடு வீடாகக் கேட்டு, தெரு வரைபடத்தில் குறித்து வைத்தார். குறிகள் கால்வாயைச் சுற்றி வட்டமாக விழவில்லை. சில இடங்களில் கொத்தாகவும் கோடாகவும் விழுந்தன. ஏன் என்று பழைய ஆட்களிடம் கேட்டபோதுதான் தெரிந்தது, வீடு கட்டுவதற்கு முன்னால் அந்தப் பக்கமெல்லாம் சின்னச் சின்ன ஓடைகள் ஓடினவாம். வீடு கட்டும்போது மண்ணைக் கொட்டித் தூர்த்துவிட்டார்கள். பெவர்லி பேகன் என்ற புற்றுநோய் ஆய்வாளர் அந்தத் தகவல்களை ஒழுங்குபடுத்தி ஆராய்ந்தார். ஈரத் தரையில், பழைய ஓடைத் தடத்தின் மேல் இருக்கும் வீடுகளில் பிரச்சினை அதிகம் என்றார்.

மாநிலச் சுகாதாரத் துறை முதலில் இதை இல்லத்தரசிகள் சேகரித்த உதவாத தகவல் என்று ஒதுக்கியது. பிறகு தாங்களே கணக்கெடுத்துப் பார்த்துவிட்டு, 1979 பிப்ரவரியில், அந்த வெளிப்பகுதியிலிருந்து கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் வெளியேறலாம் என்று சொன்னது. மற்றவர்கள்? இருக்க வேண்டியதுதான். 1980 மே மாதம் இரண்டாவது முறையாக அவசர நிலை அறிவித்த பிறகுதான் மீதி எழுநூறு சொச்சம் குடும்பங்களுக்கும் வழி பிறந்தது.

கருவிகள் வந்தபோது

அந்த 1980 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அங்கே ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. மண், நீர், காற்று என்று 6,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள். கூடவே புவி இயற்பியல் அளவைகள்: தரையூடுருவும் ரேடார், மின்காந்தக் கருவி, ரெசிஸ்டிவிட்டி. குப்பை நிலத்தை ஆராய இவ்வளவு கருவிகள் ஒரே இடத்தில் இறங்கியது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். பழைய கால்வாயின் விளிம்பு எங்கே, தரைக்குள் எது புதைந்திருக்கிறது, கண்காணிப்புக் கிணறுகளை எங்கே போடலாம் என்பதற்கெல்லாம் இந்த அளவைகள் உதவின. இந்தத் துறையின் பின்னாள் கையேடுகளுக்கு அந்த அனுபவம் உரமானது.

கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அந்த ஓடைத் தடங்கள் வழியாக விஷம் வேலிக்கு வெளியே போயிருக்கிறதா?

1982 மே மாதம் அறிக்கை வந்தது. கால்வாயை ஒட்டிய முதல் வரிசை வீடுகளைத் தாண்டி, சாக்கடைகளும் அவை போய்ச் சேரும் ஓடைகளும் தவிர, லவ் கால்வாயிலிருந்து மாசு பரவியதற்குத் தெளிவான அடையாளம் இல்லை. ஓடைத் தடங்கள் விசேஷமாக எதையும் கடத்தியதாகத் தெரியவில்லை. அடுத்த வருஷமே அமெரிக்க நாடாளுமன்றத்தின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் அதே தரவுகளைப் பார்த்துவிட்டு, இவற்றை வைத்து அந்த இடம் பாதுகாப்பானது என்றும் சொல்ல முடியாது, பாதுகாப்பற்றது என்றும் சொல்ல முடியாது என்றது.

1984-இல் சயன்ஸ் இதழில் மாநிலச் சுகாதாரத் துறை ஆய்வாளர்களின் கட்டுரை வந்தது. 1940 முதல் 1978 வரையிலான பிறப்புப் பதிவுகளைத் திருப்பிப் பார்த்திருந்தார்கள். ஓடைத் தடப் பகுதியில் குறைந்த எடையோடு பிறந்த குழந்தைகளின் விகிதம் அதிகம். அதிலும் கழிவு கொட்டிக்கொண்டிருந்த வருஷங்களில் தூக்கலாக இருந்தது. அந்த அம்மா வரைபடத்தில் குறித்த பகுதி அது.

அப்படியென்றால் 1980-இல் கருவிகள் தோற்றனவா? நான் அப்படி நினைக்கவில்லை. அவை தங்கள் வேலையைச் செய்தன. ஆனால் எந்தத் தரையில், எந்தக் காலத்தில், எதைத் தேடினோம் என்று பாருங்கள். குளோரோபென்சீன் மாதிரியான திரவங்கள் மின்சாரத்தைக் கடத்தாதவை, தண்ணீரில் கொஞ்சமே கரையும், தண்ணீரைவிடக் கனமானவை, தரையில் ஒரு மெல்லிய விரிசல் கிடைத்தாலும் அதன் வழியே இறங்கிவிடும். உப்பைத் தேடுகிற கம்பிக்கு அவை கண்ணில் படாது. அடியில் இருப்பதோ களிமண். அது தானாகவே குறைந்த ஓம் காட்டும், ரேடாரையும் விழுங்கும். ஓடைத் தடங்கள் இருந்தது வீடு, வேலி, குழாய் நெருங்கிய தெருக்களில். கால்வாயைச் சுற்றி வடிகால் தோண்டிக் கசிவை இழுக்க ஆரம்பித்தது 1978 இறுதியில், அளந்தது 1980-இல். ஓடை வழியே ஏதாவது போயிருந்தால் அது முப்பது வருஷத்தில் எப்போதோ போயிருக்கும். அந்தக் கோடையில் மண்ணில் அது மிச்சம் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. குழந்தைகளின் எடை அந்த முப்பது வருஷத்தையும் பதிவு செய்து வைத்திருந்தது. கருவி பதிவு செய்தது மூன்று மாதத்தை.

ஆக, "கருவியில் ஒன்றும் தெரியவில்லை" என்பதும் "ஒன்றும் இல்லை" என்பதும் ஒன்றல்ல. நிலவியல் படித்த எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் ஒரு தெருவைக் காலி செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் மேசைக்குப் போகும்போது இந்த வித்தியாசம் எப்படியோ தொலைந்துபோகிறது. 1988-இல் அந்தப் பகுதியின் ஒரு பாகம் மட்டும் மீண்டும் குடியிருக்கத் தக்கது என்று மாநிலம் முடிவு செய்தது. வேறு பெயர் வைத்து வீடுகளை விற்றார்கள். கால்வாய் இன்றும் அங்கேயே, களிமண் மூடிக்குக் கீழே, அப்படியே இருக்கிறது.

நம்ம பக்கம்

கருவிகள் நன்றாகவே பலன் தருகிற இடங்களும் உண்டு. ராணிப்பேட்டை சிப்காட்டில், தமிழ்நாடு குரோமேட்ஸ் தொழிற்சாலை தொண்ணூறுகளில் மூடியபோது விட்டுப்போன குரோமியக் கழிவு மலை லட்சம் டன்னுக்கும் மேலே. குரோமேட் தண்ணீரில் நன்றாகக் கரையும், மின்சாரத்தையும் கடத்தும். அங்கே நிலத்தடி நீர் மாசைப் பின்தொடர, ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தினர் ரெசிஸ்டிவிட்டி முறையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இப்போதெல்லாம் நாலு கம்பி இல்லை. வரிசையாகப் பல பத்துக் கம்பிகளை அடித்துவிட்டால் கணினியே மாற்றி மாற்றி மின்சாரம் அனுப்பி, தரையின் குறுக்குவெட்டுப் படத்தை வண்ணத்தில் தந்துவிடுகிறது. நீலம், பச்சை, சிவப்பு. பார்க்க மருத்துவமனை ஸ்கேன் மாதிரி இருக்கும். அதனாலேயே நம்புவதும் சுலபம்.

பெருங்குடியும் கொடுங்கையூரும் இருக்கின்றன. பெருங்குடிக் குப்பை கொட்டியது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல். அடியில் களிமண், பக்கத்தில் கடலோர உப்பு. அந்த மாதிரித் தரையில் ஒரு வண்ணப் படத்தைக் கொண்டுவந்து "இதோ இந்த நீலம்தான் கசிவு" என்றோ, "நீலம் இங்கேயே நின்றுவிட்டது, அந்தப் பக்கம் பயமில்லை" என்றோ யாராவது சொன்னால், நான் இரண்டு கேள்வி கேட்பேன். கிணற்று நீரை எடுத்துப் பார்த்தீர்களா? அந்தப் பக்கம் குடியிருப்பவர்களைக் கேட்டீர்களா?

எங்க போரை மூடிவிட்டோம். பின்னால் ஒருநாள் பக்கத்து வீட்டுப் பாட்டி அப்பாவிடம் சொன்னாராம்: "அந்த மூலையில அந்தக் காலத்துல கிணறு வெட்டி, உப்புன்னு தூத்துட்டாகளே தம்பி. போர் போடுறப்ப என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல."

பாயிண்ட் பார்க்க வந்தவரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.